மிஸ்டர் ச்சி யார்? சித்தரா, தாத்தாவா, நமக்கு முன்னால் அங்கே உழுதவரா?

அல்சூர்_ஏரிக்கரை | சனி, இரவு 10:40

மூன்று வருடமாக மனதில் கிடப்பதை இன்று எழுதிவிடுகிறேன். மிஸ்டர் ச்சி வரும் ‘ஸ்டார்டியூ வேலி’ என்ற வீடியோ விளையாட்டை இன்னும் ஆடி முடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கதை உடையும்.

ஆடாதவர்களுக்காக ஒரு வரி: பெரிய கம்பெனியில் பெட்டி மாதிரி அறையில் வேலை பார்க்கும் ஒருவர், செத்துப்போன தாத்தாவின் பாழ்நிலத்துக்குப் போய் விவசாயம் செய்கிறார். அவ்வளவுதான் கதை. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் படம், இசை, நிரல் எல்லாவற்றையும் நாலு வருடத்துக்கு மேல் தனியாக உட்கார்ந்து செய்து, 2016 பிப்ரவரி 26 அன்று வெளியிட்டார். நான் அல்சூரில் மெட்ரோ ஏறி ஒயிட்ஃபீல்டு போவதற்குள் விளையாட்டில் கிட்டத்தட்ட மூன்று நாள் முடிந்துவிடும். என் தக்காளிச் செடியெல்லாம் பர்ப்பிள் லைனில் வளர்ந்தவைதான்.

அந்த ஊரில் எல்லோருக்கும் ஒரு வரலாறு உண்டு. குடிக்கிறவருக்கு ஏன் குடிக்கிறார் என்று தெரியும், கல்லறைக்குப் பூ வைக்கிறவர் யாருக்கு வைக்கிறார் என்று தெரியும். மிஸ்டர் ச்சிக்கு மட்டும் எதுவுமே இல்லை. நீல நிற உடம்பு, கறுப்புக் கண்ணாடி. பிறந்தநாள் கிடையாது. பரிசு கொடுக்க முடியாது, நட்பைக் காட்டும் இதயக் குறி கிடையாது. ஆனால் நாம் எங்கே போனாலும் நமக்கு முன்னால் அங்கே ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கிறார்.

முதல் சந்திப்பை நினைத்துப் பாருங்கள். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துச் சுரங்கப்பாதையில் பூட்டிய பெட்டி. அதில் ஒரு பேட்டரி வைத்தால் சீட்டு வருகிறது. ரயில் நிலையப் பெட்டியில் வானவில் சிப்பி வை என்கிறது. அடுத்து மேயர் லூயிஸ் வீட்டு ஃப்ரிட்ஜில் பத்து பீட்ரூட் வை. அடுத்து பாலைவனத்தில் எலும்பாகக் கிடக்கும் மணல் டிராகனுக்குக் கடைசிச் சாப்பாடாகச் சூரியச் சாரம் கொடு. எல்லாம் முடிந்ததும், நம் வீட்டுப் பக்கத்து விறகுக் குவியலிலேயே சூதாட்ட விடுதிக்கான அட்டை இருக்கிறது.

என் கருத்து இது: அவர் ஒரு சித்தர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, வரிசையாகச் சொல்கிறேன்.

பெயரிலிருந்து தொடங்குவோம். ஆங்கில எழுத்தைப் பார்த்து நம்மில் பாதிப் பேர் ‘க்யூ’ என்றும் ‘கீ’ என்றும் படிக்கிறோம். அது சீனச் சொல், ‘ச்சி’. மூச்சு, உயிர்க்காற்று என்று பொருள். நம் சித்தர்கள் ‘வாசி’ என்று சொல்லும் இடத்துக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிற சொல். திருமூலர் மூச்சைக் கணக்குப் போட்டுப் பிடிப்பதைப் பற்றித்தானே அவ்வளவு பாடுகிறார்.

அப்புறம் பாம்புப் பால். பாலைவனத்தில் இருக்கும் மண்டையோட்டுக் குகையில் 100வது தளத்துக்கு இறங்கினால் ச்சி அங்கே நிற்பார். ‘இரிடியம் பாம்புப் பால்’ என்று ஒன்றைக் குடிக்கக் கொடுப்பார். குடித்தால் உடல்பலம் 25 கூடும், அது மறுநாளும் குறையாது, என்றைக்கும் குறையாது. சாப்பாடு, காபி எல்லாம் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும் விளையாட்டில், உடம்பையே மாற்றும் மருந்து இது. இதற்குத் தமிழில் பெயர் இருக்கிறது. காயகற்பம்.

ரசவாதமும் உண்டு. சுரங்கத் திறமை ஏறினால் மூன்று செம்புக் கட்டியை ஒரு இரும்பாக்கலாம், இரண்டு இரும்பை ஒரு தங்கமாக்கலாம். முதல்முறை அந்தச் செய்முறையைப் பார்த்த இரவு நான் விளையாட்டை நிறுத்திவிட்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கடைசியாக விமானம். 2024 மார்ச் 19 அன்று வந்த 1.6 பதிப்பில் ஒரு ராத்திரி ச்சியின் விமானம் பள்ளத்தாக்குக்கு மேல் பறந்து மர்மப் பெட்டிகளைப் போட்டுவிட்டுப் போகும். பழனி போகர் சீனாவுக்குப் போனார், அங்கே வேறு உடம்பில் வாழ்ந்தார், வானத்தில் பறக்கும் ஊர்தி செய்தார் என்பதெல்லாம் நம் சித்தர் மரபில் சொல்லும் கதை. சீனப் பெயர், சாகாமருந்து, பறக்கும் ஊர்தி மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் எனக்கு வேறு யார் ஞாபகம் வருவார்?

சொல்லுங்கள். மறுப்பு இருந்தாலும் சொல்லுங்கள்.


மடிவாளா_பிஜி_மூணாவது_மாடி | சனி, இரவு 11:15

அருமை அண்ணே. அக்காவா இருந்தா மன்னிச்சுக்கோங்க. ஆனா எனக்கு இது ஒட்டவில்லை. நாங்கள் மூன்று பேர் ஒரே பண்ணையில் ஆடுகிறோம், எங்கள் அறையில் முடிவான கருத்து வேறு: ச்சிதான் தாத்தா.

காரணம் அந்த ஃப்ரிட்ஜ். லூயிஸும் தாத்தாவும் பழைய நண்பர்கள். ஊரில் இத்தனை வீடு இருக்கும்போது, முன்பின் தெரியாத ஒருவர் மேயர் வீட்டு ஃப்ரிட்ஜில் எதற்குப் பத்து பீட்ரூட் வைக்கச் சொல்ல வேண்டும்? அது ஒரு பழைய சிநேகிதனிடம் செய்யும் குறும்பு. என் தாத்தா ஆம்பூரில் அப்படித்தான். கூட்டாளி வீட்டுத் திண்ணையில் ராத்திரியோடு ராத்திரியாகப் பூசணிக்காய் வைத்துவிட்டு வருவார், காலையில் அவர் கத்துவதைக் கேட்க.

இன்னொன்று. மூன்றாம் வருடத் தொடக்கத்தில் தாத்தாவின் ஆவி வந்து நம்மை மதிப்பிடும். நாலு விளக்கும் எரிந்தால் ஒரு சிலை கிடைக்கும். அதன் பெயர் ‘முழுமையின் சிலை’. விளையாட்டின் பிற்பகுதியில் திறக்கும் ஜிஞ்சர் தீவில், ச்சியின் அறையில் என்ன கணக்கு ஓடுகிறது? முழுமைக் கணக்கு. இரண்டு இடத்திலும் ஒரே சொல். விறகுக் குவியலில் அட்டை ஒளித்து வைத்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டின் மூலைமுடுக்கு யாருக்குத் தெரியும்? அங்கே வாழ்ந்தவருக்கு.


ஜெயநகர்_நாலாவது_பிளாக் | சனி, இரவு 11:50

மடிவாளா, சொல்லே ஒன்றாக இருந்தாலும் ஆள் ஒன்றாக இருக்க முடியாது. தாத்தா கொடுக்கும் மதிப்பெண்ணைப் பாருங்கள். மொத்தம் 21 புள்ளி. 12 எடுத்தாலே நாலு விளக்கும் எரிந்துவிடும். குறைவாக எடுத்தாலும் ஒரு வைரத்தை வைத்தால் மறுபடி வந்து பார்ப்பார். அவர் கணக்கில் ஒரு செல்லம் இருக்கிறது. பேரப்பிள்ளை பாஸ் ஆகிவிட வேண்டும் என்று வினாத்தாளைக் கையில் வைத்துக்கொண்டே பதில் சொல்லிக்கொடுக்கிற தாத்தா.

ச்சி அப்படியில்லை. அவருடைய கணக்கு நூற்றுக்கு நூறு. எல்லா மீனும் பிடித்திருக்க வேண்டும், எல்லாச் சமையலும் சமைத்திருக்க வேண்டும், ஊரில் எல்லோரும் உயிர் நண்பர்களாக வேண்டும். 99 சதவீதத்தில் உச்சிமலைப் பாதை திறக்காது. நான் அந்த ஒரு சதவீதத்துக்காக ஒரு முழு டிசம்பர் மாதம் உட்கார்ந்திருக்கிறேன். இப்படி நெருக்குகிறவர் தாத்தாவாக இருந்தால் எனக்கு மனசு உடைந்துபோகும்.


கோரமங்களா_நிரலர் | ஞாயிறு, காலை 8:05

மூன்றையும் படித்தேன். அல்சூர், உங்கள் ரசவாதப் பகுதி பிரமாதம், அதை நான் கவனித்ததே இல்லை. ஆனால் ஒரு கருத்தை நிறுத்த வேண்டுமானால் எதிர்ப்பக்கத்துச் சாட்சியையும் பார்க்க வேண்டும்.

சித்தர் என்றால் சூதாட்ட விடுதி எதற்கு? பாலைவனத்தில் சாண்டியின் கடைக்குப் பின்னால் காவலாள் நிறுத்தி நடத்தும் இடம் அது. 1,000 பொன் கொடுத்தால் 100 ச்சிக் காசு. சீட்டாட்டம், சுழல் எந்திரம். பொருளை வெறுத்த மரபில் இது எங்கே சேரும்? ரசவாதமும் ச்சி சொல்லிக்கொடுப்பதில்லை, சுரங்கத் திறமையில் தானாக வருகிறது. பரோன் நம் சித்தர்களைப் படித்தார் என்பதற்கும் எந்தத் தடயமும் கிடையாது.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். ச்சி என்பவர் விளையாட்டைச் செய்தவரின் நிழல். அவர் மட்டும்தான் இது ஒரு விளையாட்டு என்று தெரிந்த மாதிரி பேசுகிறார். குகையில் வழி தேடாமல் நேரே அடுத்த தளத்துக்கு இறங்க, கையோடு கொண்டுபோகும் படிக்கட்டை எத்தனை முறை வைத்தோம் என்பதற்கேற்ப 100வது தளத்தில் அவர் பேச்சு மாறுகிறது. நாம் தனியாக, இருட்டில் செய்ததை யார் எண்ணிக்கொண்டிருந்தார்கள்? சேமிப்புக் கோப்பு எண்ணிக்கொண்டிருந்தது. அதைத் திறந்து படிக்கத் தெரிந்தவர் படைத்தவர் ஒருவர்தான்.

2020 டிசம்பர் 21 அன்று 1.5 பதிப்பு வந்தபோது இது இன்னும் தெளிவானது. தீவில் 130 தங்க வால்நட் இருக்கின்றன, அதில் 100 சேர்த்தால் ச்சியின் அறை திறக்கும். உள்ளே வாரா வாரம் சவால்கள். 28 நாளில் 500 ச்சிப் பழம் அறுத்து அனுப்பு. ஜுனிமோ வண்டி ஆட்டத்தில் 50,000 புள்ளி எடு. எல்லாவற்றையும் முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் பழைய ஆட்டக்காரர்களுக்காக, செய்தவர் தன் கையால் போட்ட வீட்டுப்பாடம் இதெல்லாம். அதைக் கொடுக்க ஒரு முகம் வேண்டியிருந்தது, நீல முகம் கிடைத்தது. இதய அளவு ஏன் இல்லை என்பதற்கும் இதுவே விடை. அவர் ஊர்க்காரர் இல்லை. ஊரைச் செய்தவர்.


அல்சூர்_ஏரிக்கரை | ஞாயிறு, காலை 9:30

மடிவாளா, அக்காதான். பரவாயில்லை.

நிரலர், படிக்கட்டுச் சாட்சி கனமானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பரோன் சித்தர்களைப் படித்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. இந்த விளையாட்டு இன்றுவரை தமிழில் வரவில்லை. ஆங்கிலத்தில் ஆடி, தமிழில் யோசிக்கிற நாம் அந்த ஆளை எதோடு சேர்த்துப் பார்ப்போம் என்பதுதான் என் கேள்வி. ஜப்பானில் ஒருவர் வேறு எதோடாவது சேர்த்துப் பார்ப்பார். அதுவும் சரிதான்.

சூதாட்ட விடுதிதான் எனக்கும் முள். பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சித்தர்கள் ஊர் மதிப்பை உடைக்கிறவர்கள், சுடுகாட்டில் இருப்பார்கள், பைத்தியம் மாதிரித் திரிவார்கள் என்று சொல்லலாம். ஆனால் அது விடுதி நடத்துவதற்குப் பொருந்தாது. இழுத்துப் பிடித்து ஒட்டவைக்க எனக்கு விருப்பமில்லை.


பீட்ரூட்_பொரியல் | ஞாயிறு, பகல் 12:20

சூதுக்கு நான் வருகிறேன். கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் கண்ணன் தன்னை எதில் எதில் காணலாம் என்று அடுக்கிக்கொண்டே போகும்போது, 36ஆம் சுலோகத்தில், வஞ்சிப்பவற்றுள் நான் சூது என்கிறார். நீல உடம்பு, சூது, குறும்பு, எல்லாம் தெரிந்தும் சிரித்துக்கொண்டே நிற்பது. சித்தரைவிட மாயோன் பக்கத்தில் வருகிறார்.

பீட்ரூட் பற்றியும் ஒன்று. பீட்ரூட் விதை ஊர்க் கடையில் கிடைக்காது, பாலைவனத்தில் சாண்டியிடம்தான் வாங்க வேண்டும். அங்கே போக பஸ் ஓட வேண்டும். பஸ் ஓட ஊர்க் கூடத்தின் பெட்டகத்தில் 2,500, 5,000, 10,000, 25,000 என்று மொத்தம் 42,500 பொன் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஜோஜா என்ற பெரிய கம்பெனியிடம் 40,000. அதாவது சிரிப்பாகத் தெரியும் அந்தப் பத்து பீட்ரூட்டுக்குப் பின்னால் ஒரு முழு வருட உழைப்பு நிற்கிறது. வாங்கி, நட்டு, ஆறு நாள் தண்ணீர் விட்டு, அறுத்து, கடைசியில் யாருக்கும் உதவாத ஒரு ஃப்ரிட்ஜில் கொண்டுபோய் வை என்கிறார். நான் வைத்த அன்று அந்த மூடியைச் சாத்திவிட்டு, ‘இதை எதுக்குய்யா செய்யச் சொன்னே’ என்று வாய்விட்டே கேட்டேன்.


ஜெயநகர்_நாலாவது_பிளாக் | ஞாயிறு, பகல் 1:10

நீலத்தை வைத்து ஆரம்பித்தால் எங்கே வேண்டுமானாலும் போகலாம், பொரியல். அந்த விளையாட்டில் நிழல் மனிதர்கள் இருக்கிறார்கள், குள்ளர்கள் இருக்கிறார்கள், மந்திரவாதியின் பழைய மனைவி சூனியக்காரியாகத் திரிகிறாள். உடம்பு நிறம் அங்கே பெரிய சாட்சி இல்லை. செய்யச் சொன்ன வேலைகளைப் பார்ப்போம் என்பது என் பக்கம்.


பசவனகுடி_டீச்சரம்மா | ஞாயிறு, மாலை 6:45

வணக்கம். நான் விளையாடுகிறவள் அல்ல. முப்பத்தோரு வருடம் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள். என் பேரன் எட்டாம் வகுப்பு. பரீட்சை முடிந்ததிலிருந்து தொலைக்காட்சியில் இணைத்து இதைத்தான் ஆடுகிறான். நான் பக்கத்தில் அமர்ந்து காய் நறுக்கிக்கொண்டே பார்ப்பேன். அவனுக்கு மீன் பிடிக்கும் பொறுமை இல்லை. அந்த மழைச் சத்தம் எனக்குப் பிடிக்கும். இந்த இழையை அவன்தான் காட்டினான்.

பீட்ரூட் தம்பி கேட்ட கேள்விக்கு, ‘இதை எதற்குச் செய்யச் சொன்னாய்’ என்பதற்கு, என்னிடம் ஒரு பழைய கதை இருக்கிறது. பெரியபுராணத்தில் திருநீலகண்டர் என்ற குயவர் வருகிறார். சிவன் யோகி வேடத்தில் அவரிடம் ஒரு ஓட்டைக் கொடுத்து, பத்திரமாக வைத்திரு என்கிறார். தானே அதை மறையும்படி செய்கிறார். பிறகு வந்து கொடு என்கிறார். மாற்று ஓடு தருகிறேன் என்றால் வேண்டாம், நான் கொடுத்ததே வேண்டும் என்கிறார். ஊர் நடுவே இழுத்து வந்து, மனைவி கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்கிறார். ஒரு மண் ஓட்டுக்காக இவ்வளவு. இயற்பகையாரிடம் மனைவியையே கேட்டது இதைவிடக் கொடுமை. சிறுத்தொண்டரிடம் பிள்ளைக்கறி கேட்டதை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் முகம் மாறிவிடும்.

நம் கதைகளில் சோதிக்க வருகிறவர் இப்படித்தான் வருவார். வேடம் போட்டிருப்பார், பெயர் சொல்ல மாட்டார். கேட்பதற்குக் காரணம் இருக்காது. உங்கள் நீல மனிதர் சித்தரைவிட இந்த யோகிக்கு நெருக்கம் என்று முதலில் நினைத்தேன்.

ஆனால் பொருந்தவில்லை. ஏனென்றால் நம் கதைகளில் முடிவில் வேடம் கலையும். திருநீலகண்டரும் மனைவியும் முதுமை நீங்கி இளமையோடு குளத்திலிருந்து எழும்போது, கரையில் நின்ற யோகியைக் காணோம். விடைமேல் உமையோடு இறைவன் காட்சி கொடுக்கிறார். அந்தக் காட்சிக்காகத்தான் அவ்வளவும் பொறுத்தது. இந்த மனிதர் எந்த இடத்திலாவது கண்ணாடியைக் கழற்றுகிறாரா என்று பேரனைக் கேட்டேன். இல்லை என்றான்.

இன்னொன்றையும் அவன் காட்டினான். 100வது தளத்துக்குப் போகச் சொல்லும் ரகசியச் சீட்டு. அதில் ‘மண்டையோட்டுக் குகையின் 100வது தளத்தில் ஒருவர் உனக்காகக் காத்திருக்கிறார்’ என்றுதான் இருக்கிறதாம். சோதிக்கிறவன் காத்திருக்க மாட்டான் கண்ணுகளா. சோதிக்கிறவன் நேரே வீட்டு வாசலுக்கு வருவான். காத்திருக்கிறவன் என்றால், துணை வேண்டும் என்பவன்.


அல்சூர்_ஏரிக்கரை | ஞாயிறு, இரவு 8:20

டீச்சர், உங்கள் கடைசி நாலு வரியைப் படித்துவிட்டு ஏரிக்கரையில் ஒரு சுற்று நடந்து வந்தேன். திருவள்ளுவர் சிலைப் பக்கம் வரும்போது முடிவு செய்துவிட்டேன். என் சித்தர் கருத்தைக் கொஞ்சம் நகர்த்துகிறேன்.

காத்திருக்கிறார் என்ற சொல்லை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், அதன் மேல் நின்றதே இல்லை. இப்போது அதைப் பிடித்துக்கொண்டு மற்றதைப் பாருங்கள். அந்தக் குகைக்கு லிப்ட் கிடையாது. ஊர்ச் சுரங்கத்தில் ஐந்து தளத்துக்கு ஒருமுறை நிறுத்தம் உண்டு, இங்கே தினமும் முதல் தளத்திலிருந்துதான். ஒரே நாளில் நூறு தளம் இறங்க வேண்டும், ராத்திரி இரண்டு மணி ஆனால் மயங்கி விழுவோம். அப்படிப்பட்ட இடத்தின் அடியில் ஒருவர் நிற்கிறார் என்றால், அவரும் ஒருநாள் அப்படி இறங்கியவராக இருக்க வேண்டும்.

அதனால் இப்போது நான் சொல்வது: ச்சி நமக்கு முன்னால் அந்தப் பள்ளத்தாக்கில் எல்லாவற்றையும் முடித்த ஒருவர். எல்லா மீனும் பிடித்தவர், எல்லாம் சமைத்தவர், எல்லோரோடும் பழகி முடித்தவர். அவருக்கு அங்கே செய்ய எதுவும் மிச்சமில்லை. அதனால்தான் அவருக்கு இதய அளவு இல்லை. ஏற்கெனவே நிறைந்துவிட்டது. அதனால்தான் விடுதி. எல்லாம் கைவந்தவருக்கு முன்கூட்டியே தெரியாத ஒன்று அதிர்ஷ்டம் மட்டும்தானே? நிரலர், உங்கள் முள்ளுக்கு என் பதில் இதுதான்.

மணல் டிராகனுக்குக் கடைசிச் சாப்பாடு கொடுக்கச் சொன்னது சோதனையில்லை என்றும் இப்போது படுகிறது. பாலைவனத்தில் எலும்பாய்ப் போனதற்கு யாராவது ஒரு பிடி வைக்க வேண்டும். ஒருகாலத்தில் அதை உயிரோடு பார்த்தவர் கேட்கிற மாதிரி இருக்கிறது அது. எங்கள் ஊரில் ஆடி அமாவாசைக்கு இலை போடுவது மாதிரி.


கோரமங்களா_நிரலர் | ஞாயிறு, இரவு 9:00

அதிர்ஷ்டம் பற்றிச் சொன்னது வலுவாக இருக்கிறது. அதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆனால் கவனியுங்கள், உங்கள் புதுக் கருத்தும் என் கருத்தும் இப்போது கிட்டத்தட்ட ஒரே ஆளைத்தான் காட்டுகின்றன. அந்தப் பள்ளத்தாக்கில் எல்லாவற்றையும் எல்லோருக்கும் முன்னால் முடித்த ஒரு மனிதர் உண்மையிலேயே இருந்தார். நாலு வருடம் தனியாக ஒரு அறையில், வேறு யாருமே ஆடாத விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தவர். ஒவ்வொரு மீனையும் முதலில் பிடித்தவர். யாராவது வந்து 100வது தளம்வரை இறங்குவார்களா என்று தெரியாமல் அங்கே ஒரு குப்பி பாலை வைத்தவர். இன்று 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றாயிற்று, சரி. 2015இல் அவருக்கு அது தெரியாது.

நானும் வேலை நேரம் போக ஒரு சின்ன விளையாட்டு செய்துகொண்டிருக்கிறேன். இன்னும் யாருக்கும் காட்டவில்லை. அதனால்தானோ என்னவோ, டீச்சர் எழுதிய ‘துணை வேண்டும் என்பவன்’ எனக்கு வேறு மாதிரிப் பட்டது.


மடிவாளா_பிஜி_மூணாவது_மாடி | ஞாயிறு, இரவு 10:30

நிரலர் அண்ணா, முடிந்ததும் எங்களுக்குக் கொடுங்கள். மூன்று பேர் இருக்கிறோம், ராத்திரி முழுக்க ஆடிப் பிழை கண்டுபிடித்துத் தருவோம்.

தாத்தா கருத்தை நான் முழுக்க விடவில்லை. முன்னால் உழுதவர் என்றால் அந்த நிலத்தில் நமக்கு முன்னால் உழுதது தாத்தாதானே? ஆவியாக வருவது தாத்தா, ஆனால் ச்சி தாத்தாவுக்குத் தெரிந்த யாரோ என்று வைத்துக்கொள்ளலாம். கூட உழுதவர். எங்கள் மாதிரி ஒரே பண்ணையில் இரண்டு மூன்று பேர் ஆடியிருக்கலாம் இல்லையா? ஒருவர் லூயிஸ், ஒருவர் தாத்தா, ஒருவர் ச்சி. அப்படியென்றால் பீட்ரூட்டுக்கும் அர்த்தம் கிடைக்கிறது, விறகுக் குவியலுக்கும் அர்த்தம் கிடைக்கிறது. மூன்று பேரில் ஒருவர் மேயர் ஆனார், ஒருவர் செத்துப்போனார், ஒருவர் இறங்கிக்கொண்டே போய்விட்டார்.

எங்கள் அறையிலும் அடுத்த மாதம் ஒருவன் புனேவுக்கு மாற்றலாகிப் போகிறான். பண்ணையை அழிக்க வேண்டாம் என்று பேசி வைத்திருக்கிறோம். அவன் குடிசையை இடிக்க மாட்டோம்.


ஜெயநகர்_நாலாவது_பிளாக் | ஞாயிறு, இரவு 10:55

மூன்று நண்பர்கள்! இதை நான் இதுவரை எங்கேயும் படித்ததில்லை. தாத்தாவின் சிலைக்கும் ச்சியின் கணக்குக்கும் ஒரே சொல் இருப்பது இப்போதுதான் சரியாக உட்காருகிறது. ஒரே ஆள் இல்லை, ஒரே காலத்தில் ஒரே கனவு கண்டவர்கள். தாத்தா 12 புள்ளியில் நிறைவடைந்தார், மற்றவர் நூறு வேண்டும் என்று போனார். மடிவாளா, நேற்று நான் கொஞ்சம் கறாராக மறுத்துவிட்டேன். திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.


பசவனகுடி_டீச்சரம்மா | ஞாயிறு, இரவு 11:10

பேரன் இன்னும் 100வது தளம் பார்த்ததில்லை. இந்த இழையைப் படித்துவிட்டு இன்று இரண்டு முறை இறங்கினான். முதல் முறை 41. இரண்டாம் முறை 87வரை போய், மணி இரண்டாகி மயங்கி விழுந்தான். நாளை எப்படிப் போகலாம் என்று யாராவது சொல்லுங்கள். அவனுக்குக் கேட்கக் கூச்சமாம்.


பீட்ரூட்_பொரியல் | ஞாயிறு, இரவு 11:25

தம்பிக்குச் சொல்லுங்கள் டீச்சர். காலையில் எழுந்ததும் விளையாட்டுக்குள் இருக்கும் டிவியில் சோதிடம் பார்க்க வேண்டும். ஆவிகள் ரொம்ப சந்தோஷம் என்று சொல்லும் நாளில்தான் போக வேண்டும், மற்ற நாளில் வயலைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும். பாலைவனத்துக்குப் பஸ்ஸில் போனால் காலைப்பொழுது வீணாகும், நேரே கொண்டுபோய் விடும் டோட்டம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கார விலாங்கு வறுவல் சாப்பிட்டால் வேகமும் அதிர்ஷ்டமும் கூடும், மேலே ஒரு காபி. குண்டு தாராளமாக. பிறகு ஞாயிற்றுக்கிழமையில் பாலைவன வியாபாரி ஒரு ஜேட் கல்லுக்கு ஒரு படிக்கட்டு கொடுப்பார். பூச்சிகள் மொய்க்கும் தளத்தில் மட்டும் படிக்கட்டைப் போடட்டும். கல் உடைத்து நேரத்தைக் கரைக்க வேண்டாம், குழி கண்டால் யோசிக்காமல் குதிக்கட்டும்.


பசவனகுடி_டீச்சரம்மா | செவ்வாய், இரவு 9:50

இன்று போய்விட்டான். சோதிடம் நல்ல நாள் என்றது. மாலை ஏழு மணிக்குக் கரண்ட் போய் வந்தது, அன்றைய ஆட்டம் முழுவதும் அழிந்து மறுபடி அதே காலையிலிருந்து தொடங்கினான். அழவில்லை. மூன்று படிக்கட்டு மட்டும் பயன்படுத்தினான், எண்ணி வைத்துக்கொண்டான்.

99லிருந்து ஒரு குழியில் குதித்தான். இசை நின்றது. அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். பேரனின் விரல் பட்டனை அழுத்தி அழுத்திப் பேச்சைத் தள்ளிவிடும், அது அவன் வழக்கம். இன்று கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்ன பிறகுதான் அடுத்ததற்குப் போனான்.

பாலைக் குடித்தாயிற்று. அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. அவர் போன பிறகு பேரன் மேலே வராமல் அதே தளத்தில் கொஞ்ச நேரம் நின்றான். ஏன்டா நிற்கிறாய் என்றேன். ‘அவர் இவ்வளவு நாள் இங்கே நின்னாரே பாட்டி, நாமளும் கொஞ்ச நேரம் நிப்போம்’ என்றான். மணி இரண்டு ஆகும்வரை நின்றோம்.